பேசக்கூடாத நாற்காலி

வாய் ஓயாத ஒரு மனிதர், வாயைத் திறக்கக்கூடாத ஒரு பதவியை ஏன் ஏற்றுக்கொண்டார்? ஹபீப் முகம்மதுவை அறிந்தவர்கள் பல வருடங்களாக இந்தக் கேள்வியோடு இருக்கிறார்கள். அவரிடமே கேட்டுவிடலாமே என்பவர்கள் அவரை அறியாதவர்கள். எதைக் கேட்டாலும் அவரிடமிருந்து பதில் வரும். கேட்டதற்கு மட்டும் வராது.

ஷார்ஜா தொழில்பேட்டையில் பழைய வண்டிகளின் பாகங்களை விற்கிறார். சொந்த ஊர் இலங்கையின் கிழக்குக் கரையில். பக்கக் கண்ணாடி வாங்க வந்த பட்டாணிய டிரைவர் கியர்பாக்ஸோடு திரும்புவது அந்தக் கடையில் வழக்கம். தன் வண்டியின் கியர்பாக்ஸ் நன்றாகத்தான் இருந்தது என்பது அவருக்குப் பாதி வழியில்தான் ஞாபகம் வரும். இதை வியாபாரத் திறமை என்று சிலர் புகழ்கிறார்கள். அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. எதிரில் நின்றவருக்கு 'வேண்டாம்' என்று சொல்ல இடைவெளி கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஒருமுறை விடுமுறையில் ஊருக்குப் போனவரை மாகாண சபைத் தேர்தல் பிடித்துக்கொண்டது. கட்சிக்கு வேட்பாளர் ஒருவர் குறைந்தார். இவரிடம் இரண்டு வேனும் ஒரு குரலும் இருந்தன. வென்றார். ஊருக்கு ஒரு மீன்பிடித் துறைமுகம் வேண்டும் என்று சபையில் எழுந்து பேசத் தொடங்கினார். சிற்றுண்டிச்சாலையில் மதியச் சோறு ஆறிப்போன பிறகும் அவர் பேச்சு துறைமுகத்தை எட்டவில்லை. கடலின் குணங்களில் நின்றுகொண்டிருந்தது.

அந்த மாதமே தவிசாளர் பதவி காலியானது. மாகாண சபைக்குத் தவிசாளர் என்றால் சபாநாயகர் மாதிரி. மற்றவர்களைப் பேசவிடுவது அவர் வேலை. விவாதத்தில் தாம் பேச விதி இடம் தராது. இரண்டு பக்கத்து உறுப்பினர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஹபீப் முகம்மதுவை ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தச் சபை வேறு எதிலும் ஏகமனதானதில்லை.

அது ஒரு சதி என்று அவருக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் போய் உட்கார்ந்தார்.

உட்கார்ந்தவர் எப்படி இருந்தார் என்பதற்கு எதிர்க்கட்சி உறுப்பினர் நெய்னா முகம்மதுதான் சாட்சி. நெய்னா ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் சரியான சொல் வரும்வரை காத்திருப்பார். சபை காத்திருக்காது, கூச்சல் போடும். தவிசாளர் மணியை அடிப்பார். சொல் வரும்வரை அடித்துக்கொண்டே இருப்பார். இதை நீதி உணர்வு என்று சொல்ல எனக்குத் தயக்கம். மணியடிப்பதும் ஒருவகைப் பேச்சுதானே.

பிறகு சபையின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் வரவில்லை. தவிசாளர் கடைக்குத் திரும்பினார். கடைப் பையன்களுக்குள் கிரிக்கெட் சண்டை வந்தால் தொங்கவிட்ட பிரேக் டிரம்மை ஸ்பேனரால் தட்டி, "ஒவ்வொருத்தரா" என்பார். வீட்டில் மட்டும் பழைய துறைமுகப் பேச்சு தொடர்ந்தது. ஒருநாள் மனைவி மரியம், "நீங்க கதைச்சிக் கதைச்சி இந்த வீடே மீன் மணக்குது. கேக்கவேண்டிய ஆக்களுக்கிட்டப் போய்க் கதைங்க" என்றார்.

தேர்தல் வரப்போவதாக ஒரு பேச்சு கிளம்பியபோது, ஊரிலிருந்து கட்சி அமைப்பாளர் ஜௌபர் ஷார்ஜாவில் வந்து இறங்கினார்.

"ஹாஜியார், இந்தமுறை தவிசாளரெல்லாம் இல்ல. அமைச்சர். நீங்க விடிய விடியக் கதைக்கலாம், ஒருத்தனும் மறிக்க ஏலா."

"விடிய விடியவா?"

"துறைமுகத்தக் கட்டி முடிக்கிற வரைக்கும் கதைங்க. ஆனா எங்கட ஆக்களுக்கு முன்னால, நான் வாறன் எண்டு உங்கட வாயால சொல்லணும். நான் நாளைக்குப் பிளைட் ஏறினா வேட்பாளர் பட்டியல மூடிருவாங்க."

கடைப் பங்காளியும் மனைவியின் தம்பியுமான ரிபாய்க்கு ஏக மகிழ்ச்சி. மச்சான் ஊருக்குப் போனால் கடையில் தன் குரல் தனக்கே கேட்கும் என்று அவர் வெளிப்படையாகவே சொன்னார்.

அன்று மாலை அஜ்மானில் ஓர் உணவகத்தின் மேல்மாடி. அரசியல் கூட்டம் என்று சொல்ல முடியாத ஊர் என்பதால் 'குடும்ப ஒன்றுகூடல்' என்று பேனர். தேர்தல் என்ற சொல்லை யாரும் உச்சரிக்கக்கூடாது என்று ஜௌபர் வாசலிலேயே சொல்லியிருந்தார். அதனால் எல்லோரும் 'அந்த விஷயம்' என்றே பேசினார்கள். ஹபீப் முகம்மது மைக்கை வாங்கி ஸலாம் சொன்னார். அதற்குள் பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. நெய்னா. இப்போது அஜ்மானில் சலவைக் கடை வைத்திருக்கிறார்.

"நெய்னா காக்கா, இரிங்க. சாப்பாடு ஆறுது" என்றார் ஜௌபர்.

"அவரு ஒரு வசனத்த முடிக்கிறதுக்குள்ள நோம்பு வந்திரும்" என்றது ஒரு குரல். கூட்டம் சிரித்தது.

ஹபீப் முகம்மது ஒரு கரண்டியை எடுத்துக் கண்ணாடித் தம்ளரில் தட்டினார். "அமைதி. உறுப்பினர் பேசட்டும்." மைக்கை நெய்னாவிடம் அனுப்பிவிட்டு உட்கார்ந்தார்.

"கௌரவ... தவிசாளர் அவர்களே. துறைமுகம் வேணும். அதக் கேக்கிறதுக்கு... இவர அனுப்பினா... கடல்தான் கரைக்கு வரும்."

மறுபடி சிரிப்பு. மறுபடி தம்ளர். 'அந்த விஷயத்துக்கு' இவர் ஏன் தகுதியில்லை என்று நெய்னா காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துவைத்தார். ஒவ்வொரு காரணமும் சொல் தேடிக் காத்திருந்தது. நேரம் முடிந்துவிட்டது என்று உணவகக்காரர் வந்து ஏசியை நிறுத்தினார். ஜௌபர் ஹபீபின் காதருகே குனிந்தார்.

"மைக்க வாங்குங்க ஹாஜியார். நேரம் போகுது."

"குறுக்கிட ஏலா. விதி."

"இப்ப எந்தச் சபைக்குத் தவிசாளர் நீங்க?"

ஹபீப் முகம்மது தம்ளரை இன்னொருமுறை தட்டினார்.

நெய்னா முடித்தபோது பாதிப்பேர் சட்டைப் பொத்தானைத் தளர்த்தியிருந்தார்கள். மைக் முன்வரிசைக்குத் திரும்பி வந்தது. ரிபாய் மாடிப்படியில் ஓடிவந்தார்.

"மச்சான், ஹோட்டல்காரன்கிட்டக் கதைச்சிட்டன். இன்னும் அரை மணித்தியாலம் தாறான். யல்லா, சொல்லுங்க."

கூட்டம் அடங்கியது. யாரும் கூச்சல் போடவில்லை. யாரும் கை உயர்த்தவில்லை. இப்படி ஒரு சபை அவருக்கு வாழ்நாளில் கிடைத்ததில்லை. ஹபீப் முகம்மது மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்தார். ஜௌபரைப் பார்த்தார். விசிறிக்கொண்டிருந்த நெய்னாவைப் பார்த்தார்.

"சபை ஒத்திவைக்கப்படுகிறது" என்றார். போய்ப் பிரியாணிக்கு வரிசையில் நின்றார்.

ஷார்ஜாவுக்குத் திரும்பும் வழியில் 'வாறன்' என்று ஏன் சொல்லவில்லை என்று ரிபாய் மூன்று விதமாகக் கேட்டுப் பார்த்தார். மச்சான் அன்றைய இறைச்சியைப் பற்றிப் பேசினார், சாலை நெரிசலைப் பற்றிப் பேசினார், நெய்னாவின் சலவைக் கடைக்குப் பொருத்தமான ஒரு பழைய மோட்டாரைப் பற்றி வீடு வரும்வரை பேசினார்.