நான் பிடுங்கிய நான்கு கட்டைகள்

நெல் வைக்க ஒரு கொட்டில் வேண்டும் என்று முதலில் சொன்னவளே நான்தான். சூறாவளி அடித்ததற்கு மறு வருடம் அது. பெரும்போகத்து நெல் மூட்டைகளெல்லாம் எங்கள் முன் மண்டபத்தில் கூரை முட்ட அடுக்கிக் கிடந்தன. எலி ஒரு பக்கம், அந்துப்பூச்சி ஒரு பக்கம். தொழுவதற்குப் பாய் விரிக்க இடமில்லை. ஆகவே கொட்டிலுக்கு நான் எதிரி என்று யாராவது சொன்னால் அது பச்சைப் பொய்.

ஆனால் இடம் பார்க்க வந்தவர்கள் ஆண்கள். கணவரின் அண்ணனான மூத்த காக்காவும் ஒரு மேசனும் நூல் பிடித்து, பின்வேலியை ஒட்டி நான்கு கட்டைகள் அடித்தார்கள். டிராக்டர் திரும்ப முற்றம் மிஞ்சும் என்றார்கள். அதெல்லாம் சரிதான். அந்த வேலியில்தான் ஓர் ஆள் உடம்பைச் சரித்துப் போகும் அளவுக்கு இடைவெளி இருந்தது. “இந்த வேலிப் பொட்டும் அடைபட்டுப் போகும், நல்லம்” என்று காக்கா சொன்னது குசினி யன்னலால் எனக்குக் கேட்டது. பற்றிக்கொண்டு வந்தது.

வேலிக்கு அப்பால் என் கூடப்பிறந்த மூத்தவள், ராத்தாவின் வீடு. எங்கள் ஊரில் வீடும் அதைச் சுற்றிய வளவும் பெண்பிள்ளைகளுக்குத்தான். மாப்பிள்ளை வந்து குடியேறுவார். உம்மா தன் நீண்ட வளவை இரண்டாக வெட்டி எங்கள் இருவருக்கும் தந்தபோது, அந்த இடைவெளியையும் அவரே விட்டுவைத்தார்.

அப்போது ராத்தா கணவரை இழந்து இத்தாவில் இருந்தார். அந்த மச்சான் காய்ச்சலில் மௌத்தாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. நாலு மாதமும் பத்து நாளும் அவர் வாசல் தாண்டக் கூடாது. தெருவால் சுற்றிப் போவதென்றால் சந்தியையும் கடைகளையும் கடக்க வேண்டும். நாளுக்கு ஐந்து தரம் எந்தப் பெண் அப்படிப் போய்வருவாள்? நான் அந்த இடைவெளியால்தான் சோறு கொண்டுபோனேன். பக்கத்தில் இருந்து அவரை அழவிட்டேன். அதை அடைத்தால் என் ராத்தா சுவரைப் பார்த்தே பைத்தியமாகிவிடுவார் என்று பயந்தேன்.

நண்பகல் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொன்னதும் ஆண்கள் பள்ளிவாசலுக்குப் போனார்கள். நான் குழி தோண்டும் இரும்பு அலவாங்கை எடுத்தேன். நான்கு கட்டைகளையும் பிடுங்கி, கிணற்றடிப் பக்கம் காலடியால் அளந்து அடித்துவிட்டு, வியர்வையோடு அங்கேயே நின்றேன்.

“ஆரு புள்ள கட்டையப் புடுங்கின?” திரும்பி வந்த காக்கா கேட்டார்.

“நான்தான் மச்சான்.”

“பொம்புள உனக்கு கொட்டில் கட்டத் தெரியுமா?”

“தெரியா. வளவு என்ட எண்டு மட்டும் தெரியும். ராத்தாட வழிய அடைக்க உடமாட்டன்.”

மேசன் தலையைச் சொறிந்தார். கணவர் மதில்மேல் பூனையாக நின்றார். பிறகு, “அவ சொல்ற இடத்திலயே கட்டுவம் காக்கா” என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவருடைய எத்தனையோ குற்றங்களை மன்னித்திருக்கிறேன்.

கொட்டில் எழும்பியது. நிலத்தைப் பார்த்து அளந்த நான் மேலே பார்க்கவில்லை. இரண்டு தென்னைகள் நேர் மேலே நின்றன. முதல் தேங்காய் கூரைத் தகரத்தில் விழுந்த சத்தம் பள்ளிவரை கேட்டதாம். காக்கா வரும்போதெல்லாம் நெளிவுகளை எண்ணிச் சிரிப்பார். எனக்கு வெட்கம்தான். காட்டிக்கொள்ளவில்லை.

ராத்தாவின் இத்தா முடிந்த காலையிலும் காக்கா வந்து கூரையை அண்ணாந்து பார்த்தார்.

“நாலாவது நெளிவு புள்ள. நான் சொன்ன இடத்தில கட்டியிருந்தா இப்பிடி வருமா?”

பின்வேலி சரசரத்தது. வெள்ளையை மாற்றி நிறச் சேலை உடுத்த ராத்தா, வேலிக் கம்பைப் பிடித்தபடி, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என் வளவுக்குள் வந்தார். காக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“தகரத்த மாத்தலாம் மச்சான்” என்று சொல்லிவிட்டு, ராத்தாவின் கையைப் பிடிக்கப் போனேன்.