ஆம்பூர் ஷூ கம்பெனியில் காணாமல் போன பார்ட்டிஷன்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஆம்பூரிலிருந்து போன் வந்தது. "மேடம், கரண்ட் போய் வந்துச்சு. இப்ப டிஸ்க் இருக்குது. ஆனா உள்ள ஒண்ணுமே இல்லன்னு காட்டுது. ஃபார்மேட் பண்ணிடலாமா?"

பேசியவர் நசீர் பாய், அங்கே ஒரு ஷூ தொழிற்சாலையின் மேலாளர். அவர்களுடைய லினக்ஸ் சர்வரையும், நெட்வொர்க் வழியாக அதற்கு டிஸ்க் கொடுக்கும் ஸ்டோரேஜ் பெட்டியையும் ஒரு வருடம் முன்பு அமைத்தது நான்தான். எல்லாமே பெரம்பூரில் என் வீட்டில் உட்கார்ந்தபடி செய்த வேலை. ஆம்பூரைப் பார்த்ததே இல்லை.

அந்த டிஸ்கில் இருந்தவை தோல் வெட்டும் இயந்திரத்துக்கான பேட்டர்ன்கள். இரண்டு வருட உழைப்பு. வியாழக்கிழமை காலை வெளிநாட்டு ஆர்டருக்கு கட்டிங் தொடங்க வேண்டும். பேக்கப்பை 'அடுத்த மாசம் போட்டுக்கலாம்' என்று அவர்களும் நானும் தள்ளிக்கொண்டே வந்திருந்தோம். எதையும் தொட வேண்டாம், காலையில் வருகிறேன் என்றேன். வீட்டிலிருந்தே பார்த்திருக்கலாம்தான். ஆனால் கை வைப்பதற்கு முன் முழுப் பிரதி எடுக்க வேண்டும், அதற்கு ஒரு புது டிஸ்க்கை அங்கே கொண்டுபோய் மாட்டியாக வேண்டும்.

புதன் காலை 7.40க்கு சென்ட்ரலில் ரயில் ஏறி, 9.30க்கு காட்பாடியில் இறங்கினேன். அங்கிருந்து வேலூர் லாங் பஜாருக்கு ஆட்டோ, 200 ரூபாய். பஜார் முனையிலேயே டிரைவர் வண்டியை ஓரங்கட்டினார்.

"உள்ள போனா ஒரே பேஜார் மேடம். இன்னா வாங்கணும்?"

"கம்ப்யூட்டர் டிஸ்க்."

"அப்ப நடந்து போய்ட்டு வந்துடுங்க, நான் இங்கயே நிக்கிறேன்."

கைவண்டிகளுக்கும் பைக்குகளுக்கும் நடுவே புகுந்து ஒரு டெராபைட் டிஸ்க் வாங்கினேன். அவரே புதிய பேருந்து நிலையத்தில் கொண்டுபோய் விட்டார். 11 மணிக்கு ஆம்பூர் பஸ். ஐம்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். இடப்பக்க ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள், ஜவ்வாது மலை கூடவே வரும். மாதனூர் தாண்டியதும் தோல் பதனிடும் வாசனை லேசாக உள்ளே வந்தது. பக்கத்து சீட்டுக்காரர் தமிழில் ஆரம்பித்த போனை உருதுவில் முடித்தார். பரீட்சைக்குப் போகும் பயமும், திருவிழாவுக்குப் போகும் குஷியும் எனக்குள் ஒன்றாக இருந்தன.

12.35க்கு சர்வர் முன்னால் உட்கார்ந்தேன். ஸ்டோரேஜ் பெட்டி ஓடுகிறது, நெட்வொர்க்கும் சரி. டிஸ்குகளைப் பட்டியலிடும் lsblk கட்டளையை அடித்தால் 500 ஜிபி டிஸ்க் அப்படியே தெரிகிறது. அதற்குக் கீழே இருக்க வேண்டிய பார்ட்டிஷனை, அதாவது ஃபைல்களுக்காகப் பிரித்து வைத்த பகுதியை, மட்டும் காணோம். மேற்கொண்டு எதையும் தொடாமல் புது டிஸ்க்குக்குப் பிரதி எடுக்க விட்டேன். ஒன்றரை மணி நேரம் ஆகும் என்று காட்டியது.

நசீர் பாய் பிரியாணி வரவழைத்தார். பக்கத்தில் புளிப்பாகக் கத்திரிக்காய். அவர் எழுந்து போன பிறகு, பேட்டர்ன் வரையும் ஷகிலா மெல்ல வந்து உட்கார்ந்தாள். டிஸ்கில் இருந்ததில் பாதிக்கு மேல் அவள் வரைந்தவை.

"அக்கா, சனிக்கெழம கட்டிங் மிஷினுக்குப் புது கம்ப்யூட்டர் மாட்டினோம். அதுல ஒரு டிஸ்க் தெரிஞ்சுது. ரெடி பண்ணவான்னு கேட்டுச்சு. நான் ஓகே அமுக்கிட்டேன். அப்புறம் 500 ஜிபின்னு பாத்ததும் பயந்து அதோட நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிட்டேன். அப்புறமும் எல்லா ஃபைலும் தெறந்துச்சு, அதான் யார்கிட்டயும் சொல்லல."

எனக்குச் சட்டென்று எல்லாம் விளங்கியது. புது கம்ப்யூட்டரில் தெரிந்தது சர்வரின் டிஸ்க்தான், ஓகே அமுக்கியதும் அது அதன் அட்டவணையை அழிக்கத் தொடங்கியிருக்கிறது. சர்வர் பழைய அமைப்பை நினைவில் வைத்துக்கொண்டு ஓடியிருக்கிறது. செவ்வாய்க்கிழமை கரண்ட் போய் வந்ததும் டிஸ்கைப் புதிதாகப் படித்திருக்கிறது, அட்டவணை இல்லை. பார்ட்டிஷன் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற அந்த அட்டவணை டிஸ்கின் ஆரம்பத்தில் ஒன்றும் கடைசியில் இன்னொன்றுமாக இருக்கும். அவள் கேபிளைப் பிடுங்கிய வேகத்தில் கடைசியில் இருப்பது தப்பித்திருக்கலாம்.

2.35க்கு பிரதி முடிந்தது. அட்டவணையைச் சோதிக்கும் gdisk நிரலைத் திறந்தேன். முதல் அட்டவணை கெட்டிருக்கிறது, கடைசியில் உள்ளது சரியாக இருக்கிறது என்றது. ஷகிலா என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தொடங்கும் இடம், முடியும் இடம் இரண்டையும் என் பழைய குறிப்போடு ஒப்பிட்டுவிட்டு, அதையே ஆரம்பத்திலும் எழுதச் சொல்லி ஒரு w, உறுதி செய்ய ஒரு y அடித்தேன். மறுபடி lsblk. டிஸ்குக்குக் கீழே பார்ட்டிஷன் வந்து நின்றது. படிக்க மட்டும் என்று மவுண்ட் செய்து திறந்தேன். ஃபோல்டர் ஃபோல்டராக எல்லாம் இருந்தன. ஷகிலா ஒரு ஃபைலைத் திறந்து, திரையில் வந்த ஷூ முகப்பைப் பார்த்துக்கொண்டே துப்பட்டாவால் கண்ணைத் துடைத்தாள்.

"யாரு பண்ண வேலை இது?" என்று கேட்டபடி நசீர் பாய் வந்தார்.

"நான்தான் பாய். எந்த கம்ப்யூட்டர் கேட்டாலும் டிஸ்கைக் குடுக்கிற மாதிரி பெட்டியைத் திறந்து போட்டிருந்தேன். சர்வருக்கு மட்டும்னு பூட்டியிருக்கணும்."

"ஓகே அமுக்கினது நான் சார்," என்றாள் ஷகிலா. நான் சொல்லச் சொல்லவில்லை.

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, பொருள் கிடைச்சுடுச்சு. மொதல்ல அந்தப் பூட்டைப் போடுங்க மேடம்."

போட்டேன். தினசரி பேக்கப்பையும் அமைத்துவிட்டு 5.10க்கு பஸ் ஏறினேன்.

போகிறவர்களுக்கு: ஆம்பூருக்கு நேர் ரயில் கிடைத்தால் அதிலேயே போங்கள். லாங் பஜாரில் பத்து மணிக்கு முன் கடைகள் பாதி மூடியிருக்கும். பார்ட்டிஷன் காணோம் என்றால் ஃபார்மேட்டுக்குச் சம்மதிக்காதீர்கள். முழுப் பிரதி எடுங்கள், பிறகு கடைசியில் இருக்கும் அட்டவணையைப் பாருங்கள்.

அதோடு, அங்கே வேலை செய்கிறவர்களிடம் கடைசியாக என்ன மாட்டினீர்கள் என்று மிரட்டாமல் கேளுங்கள். ஷகிலா வாயைத் திறந்திருக்காவிட்டால் நான் அந்தப் பெட்டியைப் பூட்டாமலேயே வந்திருப்பேன். நான் சென்னை திரும்பிய மறுநாள் யாராவது அந்தப் புது கம்ப்யூட்டரின் கேபிளைத் திரும்ப மாட்டியிருப்பார்கள், அது மறுபடி ஓகே கேட்டிருக்கும்.