மரக்கட்டையைச் சுண்டிப் பார்த்த விஜயா அக்கா

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. வேலைக்கு வைத்த ஒரு பரீட்சையில் வீட்டுப் படத்தைக் காட்டி, "இதுல என்ன குறையுதும்மா?" என்று கேட்டார்கள்.

"வாசல்ல கோலம் இல்லீங்க" என்றேன்.

தப்பாம். கூரை மேல் புகைபோக்கி இல்லையாம்.

"வூட்டு மேல எதுக்குங்க புகைபோக்கி? உள்ள சூளை வச்சு கப்பு சாசரா சுடுறாங்க?"

அதற்கும் மார்க் இல்லை.

எழுபதுகள்... விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனி. ஈரக் களிமண் வாசனை தலைமுடி வரைக்கும் ஏறியிருக்கும். நானும் விஜயா அக்காவும் அங்கே தினக்கூலி. மழைக்காலத்தில் பொருள் காயாது, எங்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள். சம்பாதிக்க வேறு ஆள் கிடையாது.

அந்த வருஷம் ஒருத்தரை மட்டும் பர்மனெண்ட் ஆக்குவேன் என்றார் முதலாளி. அது யார் என்று மனோதத்துவ சார் ஒருத்தர் பரீட்சை வைத்துச் சொல்வாராம். நம் நாட்டில் அந்தப் படிப்பே அப்போது வளர்ந்துகொண்டிருந்த நேரம். அவர் கொண்டுவந்த பரீட்சைப் பெட்டி சீமைப் பெட்டி... கேள்வி மட்டும்தான் தமிழ்.

அக்காவுக்குக் கலர் கலராக மரக்கட்டைகள். படத்தில் உள்ளபடி அடுக்க வேண்டும். சார் கையில் ஸ்டாப் வாட்ச். அக்கா முதல் கட்டையை எடுத்துக் காதோரம் வைத்து, விரலால் சுண்டினாள்.

எங்கள் பழக்கம் அது. கீறல் விட்ட பீங்கான் சத்தத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும். சுண்டிப் பார்க்காமல் எதையும் அடுக்க மாட்டோம்.

"என்னம்மா பண்றீங்க?"

"ஒடசல் இருக்குதான்னு பாக்கறேங்க."

"இது மரம்மா."

"இருக்கட்டுங்க. பாத்துட்டு அடுக்கறதுதான நல்லது?"

எல்லாவற்றையும் சுண்டி முடிப்பதற்குள் நேரம் போய்விட்டது.

மறுவாரம் சாரே வந்து ரிசல்ட்டைச் சொன்னார். அக்காவுக்கு மந்த புத்தி. எனக்கும்தான், அதை விடுங்கள். பேக்கிங்கில் இருந்த ஒருத்தர் பர்மனெண்ட் ஆனார். அந்த மழைக்கும் அக்கா கம்மாபுரம் பக்கம் நடவுக்குப் போனாள்.

எனக்கு இன்னும் ஆறவில்லை. நிதானமாகப் பார்த்துச் செய்கிறவளை மந்தம் என்று சொல்ல ஒரு கடிகாரம் போதுமா? ஒரு நாள் எங்கள் ஷெட்டில் நின்று வேலையைப் பார்த்துவிட்டுப் பரீட்சை வைத்திருக்கக் கூடாதா? புத்தியை அளக்க வந்தவருக்கு அந்தப் புத்தி வேண்டாமா?

இப்போது என் பேத்தி அதே சைக்காலஜிதான் படிக்கிறாள். "நம்ம ஜனங்களுக்குத் தகுந்தாப்ல இங்கயே டெஸ்ட்டு செய்றாங்க பாட்டி. அப்பவே சில பேரு செஞ்சாங்க. ஒங்க ஊருக்கு வந்தது பழைய பெட்டி" என்கிறாள்.

சந்தோஷம். அக்காவின் அந்த மழைக்காலத்தை யார் திருப்பித் தருவது?

ரிசல்ட் வந்த அன்றைக்கு நான் சும்மா இருக்கவில்லை. சார் ஊருக்குக் கிளம்பி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார். ஏறி, பக்கத்தில் நின்று, கேட்க வேண்டியதையெல்லாம் ஒன்று விடாமல் கேட்டேன்.

கேட்டு முடித்தபோது பஸ் எப்போதோ கிளம்பி, சேத்தியாத்தோப்பே வந்திருந்தது. என் டிக்கெட்டையும் சார்தான் எடுத்தார்.