லண்டன் கடிதமும் பத்து மைல் தூரமும்

ஜொகூர் பாருவுக்கு விமானத் தபால் வரத் தொடங்கிய காலத்தில், தபால் நிலையத்தில் முத்திரை மேசை என் பொறுப்பு; குமாஸ்தாவை அங்கே கிராணி என்பார்கள். கப்பலில் மூன்று வாரத்துக்கு மேல் எடுத்த லண்டன் கடிதம் ஒன்பது நாளில் வந்தது. சிலருக்கு அதுவும் போதவில்லை.

1. அடிக்கோல் கணக்கு

ஒரு நாள் ரப்பர் தோட்டத்துத் துரை ஒருவர் அட்லாஸோடு வந்தார். லண்டனுக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே அடிக்கோலை வைத்தார். தோட்டத்தில் பழகிய தமிழில் கேட்டார்:

"ஏழாயிரம் மைல். மணிக்கு நூறு மைல். மூணு நாள் கணக்கு. மிச்சம் ஆறு நாள் யார் தின்னது கிராணி?"

விமானம் அடிக்கோல் போன வழியில் பறப்பதில்லை; இருட்டினால் இறங்கிவிடும்; ஊருக்கு ஊர் எண்ணெய் போடும்; ஐரோப்பாவில் கொஞ்ச தூரம் தபால் பை ரயிலில் வரும் என்றேன். அரைமனதாகக் கேட்டுக்கொண்டு, தனக்கு வந்த லண்டன் கடிதத்தின் கவரைத் திருப்பினார்.

"ஒங்க முத்திரை பன்னெண்டாம் தேதி. என் கைக்கு வந்தது பதிமூணு. பத்து மைல் ரோட்டுக்கு ஒரு நாளா? ஒங்க தபால்காரன் வீட்டுல வச்சுப் பிரிச்சுப் படிச்சிருக்கான்."

2. உடுப்பு

போஸ்ட்மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். தபால்காரர் முனியாண்டியைக் கூப்பிட்டார்.

"பதிமூணு காலைல கிராணி குடுத்தாரு, நேரா சைக்கிள்ல போனேங்க" என்றார் முனியாண்டி.

"அப்ப முத்திரை பொய் சொல்லுதோ?"

"முத்திரைய நிக்க வச்சுக் கேக்க முடியாதுல்ல. நான்தான் நிக்கிறேன், என்னைக் கேக்குறீங்க."

"வாய்க்குக் குறைச்சலில்லை. உடுப்பைக் கழட்டி வைச்சிட்டு வெளியில இரும்."

எனக்கும் அவர்மேல் சந்தேகம் இருந்தது. ஆதாரம் கேட்டால், அந்த வாரம் அவர் சைக்கிளில் புது விளக்கு இருந்தது, அவ்வளவுதான்.

வேலைநீக்கக் கடிதத்தை டைப் அடிக்கும் வேலை என்னுடையது. தேதிகளைச் சேர்க்க, துரை விட்டுப்போன கவரை எதிரில் வைத்தேன். சிங்கப்பூர் முத்திரை: பன்னிரண்டாம் தேதி, மாலை ஐந்து. எங்கள் முத்திரை: அதே பன்னிரண்டு, காலை ஒன்பது. சிங்கப்பூரில் இறங்குவதற்கு எட்டு மணி நேரம் முன்பே கடிதம் ஜொகூருக்கு வந்திருந்தது.

முத்திரையில் நாளையும் மணியையும் தினமும் காலையில் மாற்றிப் பொருத்த வேண்டும். பதின்மூன்றாம் தேதி மணியை மட்டும் மாற்றியிருந்தேன். பத்து மணிக்குத்தான் கவனித்து நாளையும் மாற்றினேன். அதற்குள் குத்திய கடிதங்கள் போய்விட்டன. யாரிடமும் நான் சொல்லவில்லை. துரையின் கடிதமும் அவற்றில் ஒன்று என்று இப்போதுதான் உறைத்தது.

கவரை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். போஸ்ட்மாஸ்டர் பூதக்கண்ணாடி வைத்து இரண்டு தடவை பார்த்தார்.

"நானும் பார்க்கேல்லையே" என்றார். பிறகு, "அந்தத் தாளில அவன்ர பேரை எடுத்திட்டு உம்மட பேரை அடியும். வேலை போகாது. ஆயர் ஈத்தாம் தபால் நிலையத்துக்கு மாற்றல்."

வெளியே முனியாண்டியிடம் நானே சொன்னேன். அவர் சட்டைப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டே கேட்டார்:

"நீங்களும் என்னைத்தான நெனச்சீங்க, கிராணி?"

"ஆமா."

"அதையும் அந்தத் தாள்ல அடிங்க லா."

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

முத்திரை மேசைக்குப் புதிதாக வருகிறவர்கள் காலையில் முதல் முத்திரையை வெற்றுத் தாளில் குத்தி, உரக்கப் படியுங்கள். தப்பு நடந்தால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். நான் மூன்று நாள் பேசாமல் இருந்தேன். என் தப்புக்கு இன்னொருவர் பதில் சொல்ல வேண்டிவந்தது.