அம்மா பெயருக்கு எதிரே வேறொருவர்

போன வருடம் தீபாவளிக்கு முந்தைய வாரம், கோலாலம்பூரில் ஒரு திருமணப் பதிவு அலுவலகத்தில் எனக்கு நடந்தது இது. இப்போது நினைத்தாலும் காது அடைத்துக்கொள்கிறது.

நான் பெட்டாலிங் ஜெயாவில் கணக்கு வேலை பார்க்கிறவள். இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பிக்கலாம் என்று கிளம்பப் போய், குடும்ப வரலாறு தேடுகிற பைத்தியம் பிடித்துக்கொண்டது. தாத்தா காலத்து ஆட்களுக்குக் கல்யாணப் பத்திரமே கிடையாது. ரப்பர் தோட்டத்தில் தாலி கட்டினார்கள், பிள்ளை பெற்றார்கள், அதை யார் போய்ப் பதிந்தார்கள்? அது எதிர்பார்த்ததுதான். ஆனால் என் அப்பா அம்மாவின் பத்திரத்தையும் காணோம். "கோயில்ல ஒரு பேப்பர் குடுத்தாங்களே, வீடு மாத்துனப்ப எங்கயோ போச்சு" என்றார் அப்பா. சரி, நகல் எடுத்துவிடலாம் என்று அம்மாவின் ஐசி என்கிற அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு போனேன்.

கவுண்டரில் இருந்த மலாய்க்கார அக்கா எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, "டிக், நாமா சுவாமி லாயின்" என்றார். கணவர் பெயர் வேறாக இருக்கிறதாம்! நான் சிரித்தே விட்டேன். கம்ப்யூட்டர் தப்புதான், இன்னொரு தடவை பாருங்கள் என்றேன். அவர் பொறுமையாகத் திரையை என் பக்கம் திருப்பினார். அம்மாவின் ஐசி எண் சரி, தாத்தா பெயர் சரி. கணவர் என்ற இடத்தில் மட்டும் நான் வாழ்நாளில் கேள்விப்படாத ஒருவர். கிள்ளான் முகவரி. விவாகரத்து எதுவும் பதிவாகவில்லை, ஆகவே சட்டப்படி உங்கள் அம்மா இன்னும் அவருடைய மனைவிதான் என்று அவர் மெதுவாக விளக்கினார். என் பின்னால் வரிசையில் நின்றவர், "ஓகே லா சிஸ்டர்?" என்று கேட்கும் அளவுக்கு என் முகம் இருந்திருக்கிறது.

மறுநாள் அம்மாவை பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக்கு என்று தனியாக அழைத்துப் போனேன். சாப்பிட்டு முடிக்கும்வரை பொறுக்க முடியவில்லை. ரசம் வருவதற்கு முன்பே கேட்டுவிட்டேன். அம்மா கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. அதுதான் எனக்கு அடுத்த அதிர்ச்சி.

"அதுவா? அது ரெஜிஸ்டர் மட்டும்தானே. தாலி ஏறலையே, அப்புறம் எப்படி அது கல்யாணம்?"

நம் ஊர் வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இங்கே பல வீடுகளில் முதலில் ரெஜிஸ்டர், சில மாதம் கழித்துத்தான் கோயிலில் தாலி. இடையில் பெண் அவள் வீட்டிலேயே இருப்பாள். என் ரெஜிஸ்டர் முடிந்த பிறகும் என் கணவர் என்னைச் சினிமாவுக்குக் கூட்டிப் போக அம்மாவிடம் கெஞ்ச வேண்டியிருந்தது. யாரும் அதைக் கல்யாணமாகவே நினைப்பதில்லை, நிச்சயதார்த்தம் மாதிரிதான். அம்மாவுக்கும் அப்படித்தான் முதல் சம்பந்தத்தில் ரெஜிஸ்டர் ஆகியிருக்கிறது. ஆன கொஞ்ச நாளில் மாப்பிள்ளையின் அப்பா திடீரென்று இறந்துபோனார். பெண் ராசியில்லை என்றார்கள் அவர்கள். நிச்சயத் தட்டைத் திருப்பிக் கொடுத்தார் தாத்தா. இரண்டு வீட்டாரையும் பொறுத்தவரை அதோடு எல்லாம் முடிந்தது. பதிவை ரத்து செய்ய வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அதற்கப்புறம் அப்பா வந்தபோது, "ரெஜிஸ்டரே இந்தப் பொண்ணுக்கு ஆகாது, நேரா தாலியக் கட்டுங்க" என்று தாத்தா சொல்ல, அப்பாவும் செந்தூல் கோயிலில் நேராகத் தாலி கட்டிவிட்டார். கோயிலில் கொடுத்த பேப்பரே போதும் என்று இத்தனை வருடம் இருந்துவிட்டார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று நான் விளக்க விளக்க, அம்மாவின் கை இலையிலேயே நின்றுவிட்டது. "அப்ப நான் செத்தா யாரோட பொண்டாட்டின்னு எழுதுவாங்க?" என்றார். அன்று மாலை அப்பாவிடமும் சொன்னோம். முதல் சம்பந்தம் முறிந்த கதை அவருக்குத் தெரியும். "அதான் அப்பவே கான்சல் ஆயிருச்சே" என்று தொலைக்காட்சியைப் பார்த்தபடியே சொன்னார். ஆகவில்லை என்று புரிந்ததும் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, "அப்ப நான் யாரு?" என்று கேட்டார். அப்பா அப்படி ஒரு குரலில் பேசி நான் கேட்டதே இல்லை.

ஒரே வழி, அந்த மனிதரைக் கண்டுபிடித்து முறைப்படி விவாகரத்து வாங்குவதுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் அம்மாவும் கிள்ளானுக்குப் போனோம். பழைய முகவரியில் கடைகள் வந்துவிட்டிருந்தன. பக்கத்தில் விசாரித்தபோது, அவர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது, மனைவி பின்னால் உள்ள தாமான் குடியிருப்பில் இருக்கிறார் என்று ஒரு அங்கிள் வழி காட்டினார். அம்மா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பார்த்துப் பழகாத மனிதருக்காக அவர் என்ன செய்வார்?

வீட்டில் கம்பிக் கதவுக்குப் பின்னால் வந்து நின்றவருக்கு அம்மா வயதுதான் இருக்கும். அம்மா தன் பெயரைச் சொன்னார். அந்தப் பெண் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதானா அது? ரெண்டு வருஷமா உங்களத்தான் தேடிக்கிட்டு இருக்கேன்."

கதவு திறந்தது. ஆனால் அவர் அம்மாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். என் நெற்றி, மூக்கு, வாய் என்று எதையோ தேடினார். "இது அவரு மகளா? மொத்தம் எத்தன பிள்ளைங்க உங்களுக்கு?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கணவர் இறந்ததும் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கப் போன இடத்தில், அவருடைய மனைவி நீங்கள் இல்லை, வேறொரு பெண் என்று என் அம்மாவின் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். தன் புருஷன் காலமெல்லாம் இன்னொரு குடும்பம் வைத்திருந்து ஏமாற்றிவிட்டார் என்று அவர் அன்றே முடிவு செய்துவிட்டார்.

"ஐயோ அக்கா, நான் அவர ரெண்டு தடவதான் பார்த்திருக்கேன். பொண்ணு பார்க்க வந்தப்ப ஒண்ணு, ரெஜிஸ்டர் அன்னிக்கு ஒண்ணு" என்றார் அம்மா. அவர் நம்பவில்லை. எப்படி நம்புவார்? எங்களிடம் காட்ட ஒரு தாள்கூட இல்லை. இருக்கிற ஒரே தாள் அவர் சந்தேகத்துக்குத்தான் சாட்சி சொல்லும். அம்மா மாப்பிள்ளையின் அப்பா இறந்ததையும், தட்டு திரும்பியதையும், ரெஜிஸ்டர் ஆகாது என்று தாத்தா சொன்னதையும் ஒவ்வொன்றாகச் சொன்னார்.

கடைசியாகச் சொன்னதைக் கேட்டதும் அந்தப் பெண் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"எங்க மாமியாரும் அதையேதான் சொன்னாங்க. இந்த வீட்டுக்கு ரெஜிஸ்டர் ஆகாது, ஒரு தடவ பண்ணி மாமாவ இழந்தோம்னாங்க. பண்ணுனது யாரு கூடன்னு ஒருத்தரும் எனக்குச் சொல்லல. அதனாலதான் எனக்கும் தாலி மட்டும்." பிறகு வாய்விட்டு அழுதார். "அந்த மனுஷனுக்கு நான் ஒரு திதிகூடக் கொடுக்கலியே. பேரச் சொன்னாலே திட்டுனேனே."

என் அம்மாவும் சேர்ந்து அழுதார். நான் கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு யாரைத் தேற்றுவது என்று தெரியாமல் நின்றேன்.

அன்று அவரே உள்ளே போய்த் தன் கணவரின் இறப்புப் பத்திரத்தை எடுத்து வந்து கொடுத்தார். அது இருந்தால் போதும், அம்மா சட்டப்படி விதவை, அப்பாவை மணக்கலாம். ஆனால் அதே பத்திரம் அந்தப் பெண்ணுக்கு எந்த வழியும் விடவில்லை. இறந்தவரோடு யாரும் திருமணத்தைப் பதிய முடியாதே. எனக்கு எதுவும் வேண்டாம், இவர்தான் அவரோடு வாழ்ந்தவர் என்று அம்மா சத்தியப் பிரமாணம் செய்து கொடுத்திருக்கிறார். அது எடுபடுமா என்று தெரியவில்லை, வழக்கறிஞரிடம் அலைந்துகொண்டிருக்கிறோம்.

போன மாதம் அப்பாவும் அம்மாவும் ரெஜிஸ்டர் செய்தார்கள். இரண்டு சாட்சிகளில் ஒருவராக நான் கையெழுத்திட்டேன். இன்னொருவராக அம்மா அந்தப் பெண்ணைத்தான் அழைத்தார். பட்டுச் சேலை கட்டிக்கொண்டு கிள்ளானிலிருந்து ரயிலேறி வந்து, நிதானமாகத் தன் முழுப்பெயரையும் எழுதினார். கல்யாணப் பத்திரம் என்று ஒன்றில் அவர் பெயர் ஏறியது அந்த ஒரு முறைதான். எங்கள் குடும்ப வரலாற்றில் விட்டுப்போன இடம் நிரம்பிவிட்டது என்று அந்தத் தாளைப் பார்த்து என்னால் இன்றுவரை முழுசாகச் சந்தோஷப்பட முடியவில்லை.