திட்டு வாங்காத டெரல்

எதையும் பாதியில் விட்டுவிட்டு வருவதில் டெரல் பிங்க்லியை மிஞ்ச அமெரிக்காவின் அர்க்கன்சா மாநிலத்தில் ஆள் கிடையாது. பள்ளிக்கூடம், கோழி உரிக்கும் ஆலை, டயர் கடை, நிச்சயித்த பெண், எல்லாம் அந்தக் கதிதான். பட்டாளத்தில் சேருகிறேன் என்றபோது அவன் அம்மா, "மூட்டையைப் பெரிசா கட்டாதே, திரும்பத் தூக்கிட்டு வரணும்" என்றாள். அந்த ஒரு வார்த்தை சுருக்கென்று தைத்தது. இதையாவது முடித்தே தீருவது என்று பக்கத்து மாநிலமான மிசோரியில் இருந்த பயிற்சி முகாமுக்கு வந்து சேர்ந்தான்.

முகாமில் விடிந்தால் வசவு. சார்ஜென்ட் டட்டில் என்கிற அம்மாள் வாயைத் திறந்தால் இரும்புக் கட்டில் அதிரும். விரிப்பில் ஒரு சுருக்கம் கண்டால் போதும், பாட்டன் பூட்டன் வரை இழுப்பாள். அப்படிப்பட்டவள் டெரலிடம் மட்டும், "நல்லா தூங்கினியாப்பா? சாப்பாடு ஒத்துக்குதா?" என்று தேனொழுகக் கேட்டாள்.

டெரல் தன் விரிப்பில் சுருக்கம் ஏதும் இல்லையா என்று இரண்டு தடவை குனிந்து பார்த்தான். பக்கத்துக் கட்டில் ஹோமர் சும்மா இருந்தானா? "உங்க வீட்ல யாராச்சும் செத்துட்டாங்களாடா? சொல்றதுக்கு முன்னாடி இப்படித்தான் தடவிக் கொடுப்பாங்க" என்று எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றினான்.

டெரல் நேரே போய் நின்றான். "சார்ஜென்ட், எங்கம்மா இருக்காங்களா, போயிட்டாங்களா?"

"அவங்களுக்கென்ன, கல்லுக்குண்டாட்டம் இருப்பாங்க. போகப்போறது நீதானாம். கம்ப்யூட்டர் சொல்லுது."

முன்பு முகாமை விட்டு ஓடிப்போனவர்களின் படிப்பு, வயது, பார்த்த வேலைகள் எல்லாவற்றையும் போட்டுப் பிசைந்து, புதிதாகச் சேர்ந்தவர்களில் யார் ஓடுவார்கள் என்று மேலிடத்தில் கணிக்கிறார்களாம்.

"நூத்துக்கு எண்பது நீ ஓடிடுவியாம். அப்படிப்பட்டவங்களைப் பூ மாதிரி வச்சுக்கணும்னு உத்தரவு. எனக்கும் நாக்கு அரிக்குது, என்ன செய்ய?"

டெரலுக்குக் கோபமாவது வந்திருக்கலாம். அதுவும் வரவில்லை, பாவம்.

"கணக்கு சரிதான், சார்ஜென்ட். எல்லாத்தையும் விட்டவன்தான் நான்." என்றான். "ஆனா ஒரு தடவைகூட ஏன்டா போறேன்னு யாரும் கேக்கல. எப்படியும் போயிடுவான்னு முடிவு பண்ணியே பேசுனாங்க. நீங்களும் அதையேதான் பேசறீங்க. என்னையும் திட்டுங்க சார்ஜென்ட்."

டட்டில் தொப்பியைச் சரி செய்துகொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலை மூக்கோடு மூக்கு உரச வந்து நின்றாள். "இது படுக்கையாடா, பன்னி புரண்ட எடமா? இதை ஒழுங்கா விரிக்கக் கத்துக்காம இந்த கேட்டைத் தாண்டிப் பாரு. அர்க்கன்சாவுக்கே வந்து காதைப் பிடிச்சு இழுத்துட்டு வரேன்."

டெரல் கண்ணைத் துடைத்துக்கொண்டு விரிப்பை உதறினான். போனால் தேடி வருவேன் என்று அவனிடம் அதுவரை ஒருவரும் சொன்னதில்லை.