தகட்டில் அடித்த நுரையீரல்

என் மகள் ஸ்டெல்லாவுக்கு முப்பத்துமூன்று வயது. சிகரெட் புகையே ஆகாதவள். அவளுக்கு நுரையீரலில் புற்றுநோய் வந்தது. இடது பக்கம் அடியில் ஒரு துண்டை வெட்டி எடுத்தார்கள். குணமாகிவிட்டது என்றார் டாக்டர். ஆனால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன் எடுக்க வேண்டும்.

அந்த நாள் நெருங்கினாலே மாறிவிடுவாள். தெருவில் யாராவது இருமினால் அப்படியே நிற்பாள். மூச்சை இழுத்துப் பிடித்து, நெஞ்சுக்குள் யாரோ நடப்பதைக் கேட்பதுபோல் காதைச் சாய்ப்பாள். நோய் திரும்பிவிட்டதா என்று தேடுகிறாள். எனக்குத் தெரியும். நான் கேட்கமாட்டேன். யார் முன்னாலும் கலங்கி நிற்காதவள் நான்.

நோவுள்ள உறுப்பின் உருவம் அடித்த தகட்டை வாங்கிக் கோயிலில் காணிக்கை வைப்பது எங்கள் வழக்கம். போன தவக்காலத்தில் ஒரு வியாழக்கிழமை, விவேக் நகர் கோயில் பக்கத்துக் கடையில் கேட்டேன். கண், கை, கால் எல்லாம் இருந்தன. நுரையீரல் இல்லை.

“அதை யாரும் கேட்டதில்லம்மா. இதயம் எடுத்துக்கோங்க, பக்கத்துலதான இருக்கு” என்றார் கடைக்காரர்.

“பக்கத்து வீட்டுக்காரிக்கு ஜுரம்னா நீ மாத்திரை முழுங்குவியா?”

சிரித்துவிட்டு, அடித்துத் தருவதாகச் சொன்னார்.

அடுத்த வாரம் வாங்கி வந்து வீட்டில் பிரித்தேன். இடது பக்கம், அடியில், மிளகளவு ஒரு கறுப்பு மேடு. வெட்டிய அதே இடம். நான் அவரிடம் இடம் சொல்லவே இல்லை. திரும்பிப் போய்க் கேட்டேன். “நான் அப்படி அடிக்கலியேம்மா” என்றார். ஸ்டெல்லா கண்ணில் படாதபடி தகட்டை அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்தேன்.

ஸ்கேனுக்கு முதல் நாள் மத்தியானம் காய்கறிக் கடைக்குப் போய்த் திரும்பினேன். அரிசி எடுக்கப் போன ஸ்டெல்லா, தரையில் மல்லாந்து படுத்திருந்தாள். மார்மேல் அந்தத் தகடு. ஏறி இறங்கியது. தகடுதான் மூச்சு விடுகிறதோ என்று தோன்றியது எனக்கு.

“இதப் பாத்துட்டுத்தான் ஒளிச்சு வெச்சியா?” மேட்டில் விரல் வைத்தபடி கேட்டாள்.

“பயமா இருக்குடி” என்றேன். வாழ்நாளில் முதல் முறை.

“நான் மட்டுந்தான் பயப்படுறேன்னு நெனச்சேம்மா.”

அதுவரை, ஸ்கேனில் ஒன்றும் இருக்கக் கூடாது என்றே வேண்டியிருந்தேன். அன்று இருவரும் முழங்காலில் நின்று, “எது வந்தாலும் வரட்டும் ஆண்டவரே, எங்களைப் பயத்தின் கையில் மட்டும் விட்டுவிடாதேயும்” என்று அழுதோம். தகட்டைத் தேய்த்துப் பார்த்தோம். மேடு போகவில்லை. அப்படியே கொண்டுபோய்க் காணிக்கை வைத்தோம்.

மறுநாள் ஸ்கேன் அறைக்கு வெளியே ஒரு சின்ன வயசுப் பெண் பெஞ்சில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஸ்டெல்லா எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“எத்தனாவது தடவ?”

“மூணாவதுக்கா. பயமா இருக்கு.”

“எனக்கும்தான். கையக் குடு.”

ரிசல்ட் நல்லபடியாக வந்தது. ஆண்டவருக்குக் கோடி நன்றி. ஆனால் எங்கள் ஜெபம் அதற்கு முன்பே, பயத்தோடேயே அவள் இன்னொருத்தியின் கையைப் பிடித்த அந்த பெஞ்சிலேயே கேட்கப்பட்டுவிட்டது. அடுத்த ஸ்கேனும் வரும். பயமும் எட்டிப் பார்க்கும். வந்தால் இப்போது இருவரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்கிறோம். நீங்களும் என்னைப்போல் வீம்பாக இருக்காதீர்கள். பயந்ததைப் பயந்தபடியே அவரிடம் சொல்லுங்கள். அவர் கேட்கிறார்.